நூறு வயதுக் கொடியின் துவர்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பிதழில் வெளிவந்த ஐரோப்பிய ஒயின்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஃபிரான்சுக்கு ஒன்றரைப் பக்கம், இத்தாலிக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், ஸ்பெயினின் சிவப்பு ஒயின்களை நான்கே வரிகளில் முடித்துவிட்டார். வெயிலில் விளைந்த முரட்டு ஒயின்கள், கசப்பானவை, போதைக்காகக் குடிப்பவை என்பதுதான் அந்த நான்கு வரிகளின் சாரம். கூடவே ஒரு தகவல் பிழையும் இருந்தது: சீசாவில் 'ரிசர்வா' என்று அச்சிட்டிருந்தால் அது பழைய கொடிகளின் திராட்சையில் செய்ததாம். படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

நான் சுருளிப்பட்டிக்காரி. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவள். பெரியகுளத்தில் தோட்டக்கலை படித்தேன்; மேற்படிப்புக்காக ஸ்பெயினின் தாரகோனா நகருக்கு வந்தேன். ஒன்பது ஆண்டுகளாக அதே மாகாணத்தின் பிரியோராத் மலைப்பகுதியில், ஒரு சிறிய ஒயின் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். அறுவடைக் காலத்தில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லோரோடும் சரிவில் ஏறிப் பழம் வெட்டுவேன். கட்டுரையாளர் நான்கு வரியில் தள்ளிவிட்ட ஒயின்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. அதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அந்த ஒயின்களின் மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. அது ஏன் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

முதலில் பிழையைத் திருத்திவிடுகிறேன். 'கிரியான்சா', 'ரிசர்வா', 'கிரான் ரிசர்வா' என்பவை ஒயினை எவ்வளவு காலம் வைத்திருந்து விற்பனைக்கு அனுப்புகிறார்கள் என்பதைக் குறிப்பவை. சிவப்பு ரிசர்வா என்றால் குறைந்தது 36 மாதங்கள், அதில் 12 மாதமாவது ஓக் மரப் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். கொடியின் வயதுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. நேற்று நட்ட கொடியின் பழத்திலும் ரிசர்வா செய்யலாம். பழைய கொடி என்பதைச் சொல்ல ஸ்பானிய மொழியில் 'வின்யாஸ் வியேஹாஸ்' என்றும் எங்கள் பகுதியின் கத்தலான் மொழியில் 'வின்யெஸ் வெல்யெஸ்' என்றும் எழுதுவார்கள். எத்தனை வயதானால் பழைய கொடி என்பதற்கு ஸ்பெயின் முழுவதற்குமான ஒரே வரையறை கிடையாது. அங்கங்கே தனித்தனி விதிகள். ரியோஹா பகுதியில் 2017 முதல் 'தனித்த தோட்டம்' என்ற தகுதியைப் பெறுவதற்குக் கொடிகளுக்குக் குறைந்தது 35 வயது இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 35 வயதுக் கொடியை இளவட்டம் என்பார்கள்.

இனி அந்த 'முரட்டு' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

பிரியோராத்தின் மண்ணை மண் என்று சொல்வதே தவறு. பள்ளியில் நாம் எழுதிய சிலேட்டுப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மலை அளவு சிலேட்டுகளை உடைத்துச் சரிவில் கொட்டியது போல இருக்கும். கத்தலான் மொழியில் இதற்கு 'லிக்கொரேயா' என்று பெயர். காலை வைத்தால் சல்லென்று சரியும். மைக்கா கலந்திருப்பதால் வெயிலில் மினுங்கும். பல சரிவுகளில் டிராக்டர் ஏறாது. கோவேறு கழுதையைக் கொண்டு உழுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தக் கல்லில் சத்தும் இல்லை, மேலாகத் தண்ணீரும் நிற்பதில்லை. அதனால் கொடி சிலேட்டின் வெடிப்புகளுக்குள் வேரை இறக்கிக்கொண்டே போகிறது. சாலை போடுவதற்காக மலையை வெட்டிய இடத்தில் ஒரு கொடியின் வேரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கல் தகடுகளுக்கு நடுவே, புத்தகத்தில் வைத்த இலை மாதிரி தட்டையாகிக் கீழே கீழே போயிருந்தது. என் தலைக்கு மேல் கொடி, என் இடுப்புக்கு நேரே அதன் வேர்.

இப்படிப்பட்ட இடத்தில் எழுபது, எண்பது, நூறு ஆண்டுகள் நின்ற கொடி மிகக் குறைவாகவே காய்க்கும். கொத்து சிறியது, மணி சிறியது. பழம் பழுக்கிற வாரங்களில் ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் நூறு மணிகளைப் பறித்து வந்து எடை போடுவது என் வேலை. கிழட்டுக் கொடியின் நூறு மணிகள் தராசில் எப்போதும் இலேசாகவே நிற்கும். மணி சிறுத்தால் சாறு குறையும், ஆனால் தோல் அந்த அளவுக்குக் குறையாது. ஒயினின் நிறம், துவர்ப்பு, மணத்தில் பெரும்பகுதி எல்லாம் தோலில் இருப்பவை. கொஞ்சம் சாற்றில் நிறையத் தோல் ஊறும்போது என்ன நடக்குமோ அதுதான் இந்த ஒயின்களின் வலிமை. வெயில் சர்க்கரையைத் தருகிறது, சர்க்கரை ஆல்கஹாலாகிறது. 15 சதவீதம் வரை போவது இங்கே சாதாரணம். அதை மறுக்கவில்லை. ஆனால் வெயில் மட்டும் காரணமாக இருந்தால் ஸ்பெயினில் வெயில் அடிக்கிற ஊர் எல்லாவற்றிலும் இந்த ஒயின் விளைந்திருக்க வேண்டும்.

கரினியேனா என்ற திராட்சையின் கதை இதற்கு நல்ல சான்று. இளமையில் அது அள்ளிக் கொடுக்கும் கொடி. கொத்துக் கொத்தாகக் காய்க்கும். அப்படிக் காய்த்ததில் செய்த ஒயின் நீர்த்துப்போய், புளிப்பும் துவர்ப்பும் ஒன்றோடொன்று சண்டை போடும். அதனால்தான் ஐரோப்பாவில் நெடுங்காலம் அதை மட்டமான ரகம் என்று ஒதுக்கினார்கள். அதே கொடி சிலேட்டுச் சரிவில் எண்பது வயதைத் தாண்டட்டும், காய்ப்பு தானாகவே அடங்குகிறது. அந்தப் புளிப்பு அப்போது ஒயினுக்கு முதுகெலும்பாக மாறுகிறது. பொபொலேடா என்ற ஊரில் 1902இல் நட்ட கரினியேனாத் தோட்டம் ஒன்று இருக்கிறது. மாஸ் தோய்ஷ் என்ற குடும்ப ஆலை அதன் பழத்தைத் தனியாக ஒயினாக்கி, நட்ட ஆண்டையே அதற்குப் பெயராக வைத்திருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அறுவடையின்போது அப்பா இங்கே வந்திருந்தார். மதுவைத் தொட்டறியாதவர்; மகள் ஒயின் ஆலையில் வேலை பார்ப்பதை ஊரில் சொல்லச் சில ஆண்டுகள் தயங்கியவர். எங்கள் ஆலைக்குப் பழம் தருகிற முதியவர் ஒருவரின் சரிவுக்கு அவரை அழைத்துப் போனேன். அந்த முதியவருக்கு 81 வயது. கத்தலான் மொழியில் தாத்தாவை 'அவி' என்பார்கள். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. அங்கே பந்தல் இல்லை, கம்பி இல்லை. ஒவ்வொரு கொடியும் தனித்தனியாகத் தரையில் குந்தியிருக்கும், தொடையளவு தடித்த அடிமரமும் மேலே விரித்த விரல்கள் போல நாலைந்து கிளைகளுமாக.

அப்பா மண்டியிட்டு உட்கார்ந்து அடிமரத்தைக் கையால் தடவினார். பட்டை உரிந்து உரிந்து கயிறு முறுக்கியது போல இருந்தது. கட்டைவிரலால் ஒவ்வொரு முண்டாகத் தொட்டுக்கொண்டே வந்தவர், "கவாத்துக் கத்தி பட்ட இடம் ஒன்றுவிடாமல் தெரிகிறது" என்றார். ஒவ்வொரு குளிர்காலமும் வெட்டிய காயம், அதன்மேல் அடுத்த ஆண்டின் காயம். எண்ணிப் பார்க்க முயன்று முப்பதுக்கு மேல் விட்டுவிட்டார். பிறகு ஒரு மணியைப் பறித்து வாயில் போட்டு, தோலை நெடுநேரம் மென்றார், விதையையும் கடித்தார். "இந்தத் தோலை வைத்துக்கொண்டு நம்மூர்ச் சந்தையில் ஒரு பெட்டி விற்க முடியாது" என்றார்.

"ஒரு கொடிக்கு எத்தனை கிலோ வரும் என்று ஐயாவிடம் கேள்" என்றார். கேட்டேன். நல்ல ஆண்டில் ஒரு கிலோ என்றார் அவி. பந்தலில் ஒரு பருவத்துக்கு ஒரு கொடியில் பத்துக் கிலோவுக்கு மேல் இறக்கிப் பழகிய அப்பா, நான் தவறாக மொழிபெயர்த்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி கேட்கச் சொன்னார். மறுபடியும் அதே பதில். "பிறகு எப்படிக் கட்டுபடியாகிறது?" என்று கேட்டார். கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

கட்டுபடியாகவில்லை என்றார் அவி. அவருடைய தாத்தா நட்ட கொடிகள் அவை. அந்த நாளில் கூட்டுறவு ஆலை கிலோக் கணக்கில்தான் பணம் கொடுத்தது; பழத்தின் தரத்தைப் பார்க்கவில்லை. வேற்றூர் ஒயினுக்கு நிறமும் வலுவும் ஏற்றக் கலந்துவிட, பிரியோராத் ஒயின் பீப்பாய் பீப்பாயாக மொத்த விலைக்குப் போனது. ஊர்ப் பிள்ளைகள் தாரகோனாவின் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். இவர் வீட்டை நடத்தியது பக்கத்து நிலத்து ஹேசல் கொட்டை மரங்கள். பிறகு ஏன் பிடுங்கவில்லை என்று அப்பா கேட்டதற்கு, "பிடுங்கக் கூலி கொடுக்க என்னிடம் காசு இல்லை" என்றார் அவி. அப்பா தலையசைத்தார். இரண்டு விவசாயிகளுக்கும் அதற்கு மேல் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இந்த இடத்தின் பழமையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் மொன்ட்சான்ட் மலையடிவாரத்துக்கு வந்த கார்த்தூசியச் சபையின் கிறிஸ்தவத் துறவிகள் ஸ்காலா தேய் மடத்தை நிறுவினார்கள். 'இறைவனின் ஏணி' என்பது அதன் பொருள். பைன் மரத்தில் ஏணி சாத்தி வானதூதர்கள் ஏறிப் போவதை ஓர் இடையன் கண்டதாக ஐதிகம். அந்த மடத்தின் தலைவர், அதாவது 'பிரியோர்' ஆண்ட நிலம் என்பதால்தான் பிரியோராத் என்ற பெயர். 1835இல் ஸ்பானிய அரசு மடங்களின் சொத்துகளைப் பறித்தபோது துறவிகள் வெளியேறினார்கள். பிறகு 1890களில் ஃபிலாக்ஸெரா வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பேன் அது. வேரைக் கடித்துக் கொடியையே சாகடிக்கும். ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது போலவே இந்த மலைகளையும் அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர் ரகத்தை ஒட்டுக்கட்டித்தான் மீண்டும் நட்டார்கள். அவியின் தாத்தா நட்டவையும் அப்படி ஒட்டுக்கட்டியவைதான்.

1980களின் இறுதியில் ரெனே பார்பியே, ஆல்வரோ பலாசியோஸ், ஹோசே லூயிஸ் பெரெஸ், கார்லெஸ் பாஸ்த்ரானா, டாஃப்னி குளோரியான் ஆகிய ஐந்து ஒயின் தயாரிப்பாளர்கள் கிராதால்யோப்ஸ் என்ற சிற்றூரில் ஒன்றுகூடினார்கள். 1989இன் விளைச்சலைச் சேர்த்து ஒரே ஒயினாகச் செய்து ஐந்து பெயர்களில் வெளியிட்டார்கள். பலாசியோஸ் 1993 முதல் கார்னாச்சா என்ற ரகத்தின் கிழட்டுக் கொடிகள் நிற்கும் ஒரு செங்குத்துச் சரிவின் பழத்தில் 'லெர்மிதா' என்ற ஒயினைச் செய்கிறார். இன்று அதன் ஒரு சீசா ஆயிரம் யூரோவைத் தாண்டும். எனக்கு அந்த விலை முக்கியமில்லை. அந்த ஐவர் வந்தபோது கிழட்டுக் கொடிகள் மண்ணில் நின்றுகொண்டிருந்தன என்பதுதான் முக்கியம். நாற்பது ஆண்டுகள் எவரும் மதிக்காத நிலையிலும் அவற்றைக் கவாத்துச் செய்துவந்த அவி போன்றவர்களின் பெயர் எந்தச் சீசாவிலும் இல்லை.

ஸ்பெயின் என்றால் பிரியோராத் மட்டும் அல்ல. தூவேரோ ஆற்றங்கரையில் தோரோ என்ற ஊருக்கு ஒரு முறை போயிருந்தேன். அங்கே மணல். இரு கையாலும் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடுகிறது. வேர்ப்பேன் வேரிலிருந்து வேருக்கு ஊர்ந்து போக மண்ணில் வெடிப்புகள் வேண்டும். மணலில் வெடிப்பு நிற்காது, சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் அங்கே சில தோட்டங்கள் ஃபிலாக்ஸெராவிலிருந்து தப்பின. ஒட்டுக்கட்டாமல், தன் வேரிலேயே நூற்றாண்டைக் கடந்த 'தின்தா தே தோரோ' ரகக் கொடிகளை அங்கே தொட்டுப் பார்த்தேன். சுருளிப்பட்டியில் குச்சியை நறுக்கி நேரே மண்ணில் ஊன்றுவோமே, அது போல ஊன்றியவை. தெர்மாந்தியா என்ற பெயர்பெற்ற தோரோ ஒயின் 120 வயதைக் கடந்த இத்தகைய கொடிகளிலிருந்து வருகிறது. அதன் பழத்தை இன்றும் காலால் மிதிக்கிறார்கள். தென்கிழக்கே ஹுமில்யாவிலும் மொனாஸ்ட்ரெல் ரகத்துக்கு இப்படித் தன் வேரில் நிற்கும் தோட்டங்கள் உண்டு. 1980களின் இறுதி வரை வேர்ப்பேன் அந்த ஊரை எட்டவே இல்லை. 1942இல் நட்ட ஒரு தோட்டத்திலிருந்து காசா காஸ்தில்யோ என்ற ஆலை செய்யும் ஒயினைச் சென்ற குளிர்காலத்தில் குடித்தேன். நான் குடித்தவற்றிலேயே ஆழமான ஐந்தாறு ஒயின்களில் அது ஒன்று.

கட்டுரையாளர் 'கசப்பு' என்று எழுதியதுதான் என்னை அதிகம் வருத்தியது. தமிழில் எழுதுபவர் அப்படி எழுதலாமா? அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த மொழி நம்முடையது. என்னோடு வேலை செய்யும் கத்தலான் தோழிகளிடம் சுவைகளைச் சொல்லச் சொன்னால் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நிறுத்திவிடுவார்கள். துவர்ப்பை நாக்கின் உணர்ச்சியாகச் சொல்வார்களே தவிரச் சுவையாக எண்ணுவதில்லை. பாக்கை மென்ற குழந்தைக்குக்கூட நம்மூரில் துவர்ப்பு எது கசப்பு எது என்று தெரியும். பழைய கரினியேனாவில் இருப்பது துவர்ப்பு. நன்றாகப் பழுத்த நாவல் பழம் நாக்கைக் கவ்வுமே, வாழைப்பூவை ஆய்ந்த கையில் ஒட்டுமே, அந்தத் துவர்ப்பு.

நேற்றிரவு அவியின் சரிவில் விளைந்த, ஆறு ஆண்டு ஆன ஒரு சீசாவைத் திறந்தேன். ஊற்றியபோது கிளாசின் நடுவில் அடி தெரியாத கறுப்பு, விளிம்பில் மட்டும் மாதுளைச் சிவப்பு. முதல் அரை மணி நேரம் அது எதையும் சொல்லவில்லை. மூடிவைத்த மரப்பெட்டியின் வாசம் மட்டும். பிறகு நாவல் பழம், உலர்ந்த அத்தி, கொஞ்சம் சோம்பு, வெயிலில் காய்ந்த கல்லின் மேல் முதல் தூறல் விழும்போது எழும் வாசம். வாயில் வைத்தால் முதலில் பழத்தின் நிறைவு, அடுத்து ஈறுகளைப் பிடிக்கிற துவர்ப்பு, அதை இழுத்துக்கொண்டு போகிற புளிப்பு. 15 சதவீத ஆல்கஹால் தொண்டையில் சுடவில்லை. விழுங்கி வெகுநேரம் ஆன பிறகும் அந்தக் கல்லின் வாசம் மூக்கில் இருந்தது. இதை முரட்டுத்தனம் என்று என்னால் சொல்ல முடியாது. வலிமை உடையவர் மெதுவாகப் பேசுவது போல இருந்தது.

எல்லா ஸ்பானிய வலுவான ஒயின்களையும் நான் தூக்கிப்பிடிக்கவில்லை. 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் பழத்தை மிதமிஞ்சிப் பழுக்கவிட்டு, புதுப் பீப்பாய்களில் நெடுநாள் வைத்து, வெனிலாவும் வறுத்த காப்பியும் மட்டுமே மணக்கிற ஒயின்களை நிறையப் பேர் செய்தார்கள். அவற்றில் கொடியின் குரலே கேட்காது. கட்டுரையாளருக்குக் கிடைத்தது அப்படி ஒன்றாக இருக்கலாம். இப்போது பலர் சற்று முன்னதாகவே பறிக்கிறார்கள். பெரிய பழைய பீப்பாய்கள், மண்தாழிகள், சிமெண்ட் தொட்டிகள் என்று திரும்பியிருக்கிறார்கள். என் பார்வையில் இந்த மாற்றம் மிக நல்லது.

ஆனால் கொடிகள் குறைந்துகொண்டே வருகின்றன. 1986இல் ஸ்பெயின் ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) சேர்ந்த பிறகு, மிதமிஞ்சிய ஒயின் உற்பத்தியைக் குறைக்க, கொடிகளைப் பிடுங்குபவர்களுக்கு மானியம் கொடுத்தார்கள். 2008க்குப் பிறகும் சில ஆண்டுகள் அதே திட்டம் வந்தது. விளைச்சல் குறைந்த கிழட்டுத் தோட்டத்தை வைத்திருப்பவர்தான் முதலில் அந்தப் பணத்துக்குக் கையெழுத்துப் போடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. 2021 முதல் 2024 வரை பிரியோராத் அடங்கிய கத்தலோனியாவைக் கடும் வறட்சி வாட்டியது. இளங்கொடிகள் முதலில் வாடும், கிழட்டுக் கொடிகள் தாங்கும் என்றுதான் படித்திருந்தேன். பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது. ஆனாலும் 2023 கோடையில் அவியின் சரிவில் மட்டும் பதினோரு கிழட்டுக் கொடிகள் காய்ந்துவிட்டன. அவற்றை அவர் இன்னும் பிடுங்கவில்லை.

வாங்கிப் பார்க்க நினைக்கும் வாசகர்களுக்குச் சிறிது சொல்கிறேன். வெளிநாடுகளில் வாழ்பவர்கள் ஆயிரம் யூரோ ஒயினைத் தேட வேண்டாம். காலதாயூத், காம்போ தே போர்ஹா பகுதிகளின் பழைய கார்னாச்சா பத்துப் பதினைந்து யூரோவுக்கே கிடைக்கும். தொடங்குவதற்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. இளம் சீசாவாக இருந்தால் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒரு ஜாடியில் ஊற்றிக் காற்றாட விடுங்கள். 'அறை வெப்பத்தில் பரிமாறவும்' என்று எழுதியிருப்பதை நம்மூர் அறைகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்; 30 டிகிரியில் எந்த நல்ல ஒயினும் ஆல்கஹால் நெடிதான் வீசும். 16 முதல் 18 டிகிரி வேண்டும், ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாக வரும். இங்கே ஆட்டு விலா எலும்பைக் கவாத்தில் வெட்டிய கொடிக்குச்சிகளின் தணலில் சுட்டு இதனோடு சாப்பிடுவார்கள். என் வீட்டில் மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டுக்கறிச் சுக்கா. ஒரு சாப்பாட்டுக்கு ஒரு கிளாஸ் போதும். வலுவான ஒயின் என்பதால் அதற்கு மேல் தேவைப்படுவதும் இல்லை.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ரிசர்வா பற்றிய தகவலுக்கு அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் திருத்தம் வெளியிடுங்கள். இனி ஒயினைப் பற்றிக் கட்டுரை வரும்போது விலையோடும் மதிப்பெண்ணோடும் நிறுத்தாமல், எந்த ரகம், எந்த மண், கொடிக்கு எத்தனை வயது என்று மூன்று விவரங்களையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். திராட்சை விளைவிக்கிற கம்பத்திலும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். என் அப்பா தினமும் காலையில் படிக்கிறார். ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் என்னிடம் தொலைபேசியில் கேட்டது ஒயினைப் பற்றி அல்ல. காய்ந்துபோன அந்தப் பதினோரு இடங்களில் அவி மறுபடி எதை நடுகிறார் என்று கேட்டார். பக்கத்தில் நிற்கும் கிழட்டுக் கொடியின் குச்சியை வெட்டி ஒட்டுக்கட்டப் போகிறார் என்றேன். பிப்ரவரியில் கவாத்து முடியும்போது குச்சி எடுப்பார்கள். பிடித்துக்கொள்ள என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
சுருளிப்பட்டியில் பிறந்த வாசகி,
ஃபால்செட், கத்தலோனியா, ஸ்பெயின்